காலி எடை

திருப்புளியை வைத்து அழுத்தினேன்.
தரை தடுக்கவில்லை.
பிடி வரைக்கும் உள்ளே போய்
அங்கே நின்றது.
இழுத்தால் நுனியில்
கறுப்பாய், ஈரமாய்,
வடிகட்டிய தேயிலைச் சக்கை போல
ஒரு காலத்துப் பலகை.

தாமான் வீட்டுக் கார் கொட்டகையில்
பதினான்கு அடிப் படகு.
மைவி மூன்று மாதமாய்ச் சாலையோரம்
பழக்குலை லாரிகளின் சேற்றை வாங்கிக்கொண்டு நிற்கிறது.
பக்கத்து வீட்டு ரொஹானா அக்கா
வேலிமேல் கன்னத்தை வைத்து மலாயில் கேட்கிறார்,
கடல் எப்போது இங்கே வரும் என்று.
வரும் அக்கா.
போன டிசம்பரில் பாதி வழி வந்ததே.

ஞாயிறு மில்லில் ஆளில்லை.
வாரம் முழுக்க நான் சீட்டு எழுதும் எடைமேடையில்
டிரெய்லரோடு ஏற்றினோம்.
லாரிக்குச் செய்வதுதான்:
மொத்த எடை, காலி எடை,
கழித்தால் சரக்கு.
டிரெய்லர் போக நானூற்று இருபது.
வாங்கிய வருஷம் விளையாட்டாக நிறுத்தபோது
இருநூற்று எண்பது.
அந்தச் சீட்டு இன்னும்
முருகன் படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

எஞ்சின் இல்லை, வலை இல்லை, மீன் இல்லை.
"யாரை ஏத்திக்கிட்டுத் திரிஞ்சோம்?"
என்றார் இவர்.

அறுத்துத் திறந்தோம்.
ஊறிய ரொட்டியாய் உதிர்ந்தது பலகை.
அடியில் மஞ்சள் நுரை.
மிதப்பதற்கென்று வைத்தது,
குடித்துவிட்டுப் படுத்துக் கிடந்தது.
அள்ளிப் பிழிந்தேன்.
பெர்ணம் ஆறு
முழங்கை வழியே ஒழுகியது.
ஒருநாளும் மூழ்காத படகு.
ஆற்றைத்தான்
ஒவ்வொரு முறையும் கொஞ்சம்
வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறது.

எங்கே புகுந்தது?
டார்ச் அடித்து, முட்டி போட்டு,
கறுப்பு அடர்ந்துபோகும் பக்கமாக நகர்ந்தோம்.
நடுவில் நான்கு துளைகள்.
நாற்காலியின் கால்கள்.

பெரியவள் வயிற்றில் ஏழு மாதம் அப்போது.
பலகையில் உட்கார முடியல, இடுப்பு போகுது என்றேன்.
எந்த வேனிலிருந்தோ ஒரு சீட்டைக் கழற்றி வந்து
ராத்திரியே நான்கு திருகாணி இறக்கினார்.
சிலிகோன் தீர்ந்திருந்தது.
கிம் சுவீ கடை பூட்டியிருந்தது.
விடிந்தபோது நாங்கள் ஆற்றில்.
நான் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.
உடும்பு ஒன்று குறுக்கே நீந்தியது.

இப்போது அந்தத் துளைகளை
இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவரும்.
மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.
"அப்ப இதுக்கும் நான்தான் காரணமா?"

கெட்டியாக்கும் மருந்து ஒரு மூடி கூடிப்போய்
ஐஸ்கிரீம் டப்பாவில் ரெசின் புகைந்தது,
டப்பாவும் சேர்ந்து இளகியது.
கண்ணாடி நாரின் அரிப்பு
குளித்தாலும் போகவில்லை,
தலையணையில் இருந்தது,
புளிக்குழம்பில் கூட இருந்த மாதிரி இருந்தது.
நெடுக்குச் சட்டம் மூன்று மாற்றினோம்.
இரண்டாவது கோணல்.
எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும்.

சாம்பல் பெயிண்ட் காய்ந்ததும்
மறுபடி மேடை.
முந்நூறு.
பழைய சீட்டைவிட இருபது கூட.
ரெசினா, பெயிண்டா,
உள்ளே வைத்து மூடிவிட்ட சுத்தியலா,
மேடை இருபது இருபதாகத்தான் எண்ணும்.
(சுத்தியலைக் காணோம் என்பது உண்மை.)

நேற்று துளைக்கும் மெஷினும்
மூன்று குழாய் சிலிகோனும் எடுத்து வந்தார்.
"எங்க வைக்கட்டும்?"
வேண்டாம் என்றேன்.
பெயிண்ட் வாளியைக் கவிழ்த்து
உட்கார்ந்தும் காட்டினேன்.

இன்று காலை பார்க்கிறேன்,
புதுத் தரையில் பென்சிலால்
நான்கு புள்ளிகள்.
துளைக்கவில்லை.

கொட்டகைத் தகரத்தில் மழை.
படகுக்குள், வாளிமேல், நான்.
இடுப்பு இப்போதும் வலிக்கிறது.
வெளியே மைவி நனைகிறது.